படிகக் கல் கையேடுகளை எவ்வளவு தூரம் நம்பலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கற்களுக்குக் குணமாக்கும் சக்தி உண்டு என்று சொல்லும் புத்தகங்கள், கையேடுகள் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. கனிமவியல் பாடம் நடத்துகிறேன், ரத்தினக் கற்களைப் பரிசோதித்தும் தருகிறேன். அந்த அனுபவத்தில் பதில் எழுதுகிறேன். இந்தப் புத்தகங்களின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கும்: இது என்ன கல், இது என்ன செய்யும். முதலாவதை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். அது சரியாக இருந்துவிட்டது என்பதற்காக இரண்டாவதையும் சேர்த்து நம்பிவிடக் கூடாது. கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்த அடிப்படையில்தான்.

நானூறு கற்களுக்கு மேல் இருக்கும் ஓர் ஆங்கிலக் கையேடு வாங்கினேன், மேடம். விலை அதிகம், படங்கள் அருமை. உள்ளே எழுதியிருப்பதை நம்பலாமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – கோயம்புத்தூர் வாசகி

முன்னுரையைப் பிறகு படித்துக்கொள்ளலாம். நேராக செலினைட் பக்கத்தைத் திறங்கள். செலினைட் என்பது ஜிப்சத்தின் தெளிவான வடிவம். கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் அதற்கு 2தான். நகத்தால் கீறினாலே கோடு விழும், தண்ணீரில் மெல்லக் கரையும். அந்தப் பக்கத்தில் ‘ஓடும் நீரில் கழுவிச் சுத்தப்படுத்துங்கள்’ என்று இருந்தால், எழுதியவர் அந்தக் கல்லோடு பழகியவர் இல்லை என்று முடிவு செய்துகொள்ளலாம். கழுவக் கழுவ அதன் மினுமினுப்பு போய், மேற்பரப்பு சொரசொரத்துவிடும்.

அடுத்தது சிட்ரின். சந்தையில் கிடைக்கும் ஆரஞ்சு நிற சிட்ரினில் பெரும்பகுதி சூடுபடுத்திய அமெதிஸ்ட். ஊதா நிறக் கல்லை 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அதிலுள்ள இரும்பின் நிலை மாறி, மஞ்சளோ ஆரஞ்சோ ஆகிவிடுகிறது. உங்கள் புத்தகத்தில் இருக்கும் படத்தையே உற்றுப் பாருங்கள். கல் கொத்தின் அடிப்பகுதி பால் வெள்ளையாகவும், முனைகள் மட்டும் கருகிய ஆரஞ்சாகவும் இருந்தால் அது உலையிலிருந்து வந்தது. பூமியில் தானாக உருவான சிட்ரின் பெரும்பாலும் வெளிறிய மஞ்சள், சில சமயம் புகை படிந்தாற்போன்ற மஞ்சள். படத்தில் சுட்ட அமெதிஸ்டைப் போட்டுவிட்டு ‘இயற்கை சிட்ரினின் சூரிய ஆற்றல்’ என்று அரைப் பக்கம் எழுதியிருந்தால், அந்தப் புத்தகத்தின் மற்றப் பக்கங்களையும் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

மூன்றாவதாக, அமெதிஸ்டையும் குன்சைட்டையும் வெயிலில் வைத்து ‘சார்ஜ்’ செய்யச் சொல்கிறதா என்று பாருங்கள். இரண்டுமே தொடர்ந்து வெயில் பட்டால் நிறம் வெளுக்கும் கற்கள்.

கடைசியாகத்தான் பொதுவான சோதனை. ஒவ்வொரு கல்லுக்கும் வேதியியல் சேர்க்கை, படிக அமைப்பு, கடினத்தன்மை, அடர்த்தி, கிடைக்கும் இடம், செய்யப்படும் செயற்கை மாற்றங்கள், வழக்கமான போலிகள் ஆகியவை இருக்க வேண்டும். ஓபலைட், கோல்ட்ஸ்டோன் இரண்டும் மனிதர்கள் செய்யும் கண்ணாடி. அவற்றைக் கனிமம் என்று போட்டிருக்கும் கையேட்டை நான் வகுப்பில் பயன்படுத்த மாட்டேன்.

சாரோயிட் கல்லைப் பழங்கால எகிப்தியப் பூசாரிகள் அணிந்ததாக ஒரு புத்தகத்தில் படித்தேன். உண்மையா? – திருச்சி வாசகர்

இல்லை. சாரோயிட் சைபீரியாவில் ஒரே பகுதியில் மட்டும் கிடைப்பது. கனிமமாக விவரிக்கப்பட்டது 1978-ல். தான்சானைட்டும் அப்படித்தான், தான்சானியாவில் 1967-ல் வெளிவந்தது. லாரிமார் என்ற நீலக் கல் டொமினிக்கன் குடியரசில் மட்டும் கிடைக்கிறது, 1974-ல்தான் அதற்கு அந்தப் பெயரே வைத்தார்கள். ஒரு கல்லுக்கு ‘ஆயிரமாயிரம் ஆண்டு மரபு’ என்று எழுதியிருந்தால், அது எந்த ஆண்டில், எந்த ஊரில் கிடைத்தது என்று தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. பல புத்தகங்கள் இந்த ஒரு சோதனையிலேயே தோற்றுவிடும்.

ஏழு சக்கரங்களுக்கு ஏழு நிறக் கற்கள் என்பது நம் முன்னோர் சொன்னதுதானே? மூலாதாரத்துக்குச் சிவப்பு, அனாகதத்துக்குப் பச்சை என்று எல்லாக் கையேடுகளிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. – மதுரை வாசகி

எல்லாக் கையேடுகளிலும் இருப்பது உண்மை. பழைய நூல்களில் அப்படி இல்லை. பூர்ணானந்தர் 1577-ல் எழுதிய ‘ஷட்சக்ர நிரூபணம்’ என்ற சமஸ்கிருத நூலை ஜான் உட்ரோஃப் 1919-ல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். மேற்கு நாடுகளில் சக்கரங்களைப் பற்றிய பேச்சு பரவியதில் அந்த மொழிபெயர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் அனாகதத் தாமரையின் நிறம் பச்சை அல்ல, பந்தூகப் பூவின் சிவப்பு. மணிபூரக இதழ்கள் மஞ்சள் அல்ல, கருமேக நிறம். ஆக்ஞை நிலவைப் போல வெண்மை. வானவில் வரிசையில் கீழிருந்து மேலாக நிறம் பூசியது 20-ஆம் நூற்றாண்டு மேற்கத்திய எழுத்தாளர்கள். அதன் மேல் கல் வியாபாரம் வந்து உட்கார்ந்தது.

தியானத்துக்கு ஒரு நிறம் உங்களுக்கு உதவுகிறது என்றால் அதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஆனால் ‘பண்டைய இந்திய ஞானம்’ என்ற முத்திரையோடு அந்தப் பட்டியலை நமக்கே திருப்பி விற்கும்போது, எந்த நூலில், எந்தச் செய்யுளில் இருக்கிறது என்று நாம் கேட்டே ஆக வேண்டும். கையேட்டில் அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் மரபின் பெயரைச் சொல்லும் உரிமை அதற்கு இல்லை.

ஒரே கல்லுக்கு மூன்று புத்தகங்களும் ஒரே பலனைச் சொல்கின்றன. அப்படியானால் அதில் ஏதோ உண்மை இருக்க வேண்டும் அல்லவா? – சென்னை வாசகர்

மூன்றையும் அருகருகே வைத்து வாக்கியங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டிருந்தால் உங்களிடம் இருப்பது மூன்று சாட்சிகள் அல்ல, ஒரே சாட்சியின் மூன்று பிரதிகள். அமெதிஸ்ட் போதையைத் தடுக்கும் என்ற கதை இன்றைய கையேடுகளிலும் ‘குடிப்பழக்கத்திலிருந்து விடுவிக்கும்’ என்ற வடிவத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ரோமானிய அறிஞர் பிளினி கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே அதை மந்திரவாதிகளின் பொய் என்று எழுதிவிட்டார். மறுப்பை விட்டுவிட்டுக் கதையை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

கல்லை இரவு முழுவதும் தண்ணீரில் போட்டுக் காலையில் அந்த நீரைக் குடிக்கச் சொல்கிறது என் புத்தகம். சித்த மருத்துவத்திலும் கனிமங்களைச் சேர்க்கிறார்களே, இதில் என்ன தவறு? – தஞ்சாவூர் வாசகி

இந்தப் பதிலை மட்டுமாவது எல்லோரும் முழுதாகப் படியுங்கள்.

மாலகைட் என்ற பச்சைக் கல் செம்பு கார்பனேட். எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பு பட்டால் அதிலிருந்து செம்பு இன்னும் எளிதாகக் கரைந்து வரும். கலினா ஈய சல்பைடு. சினபார் பாதரச சல்பைடு, நம் ஊரில் லிங்கம் என்பது அதுதான். ஆர்பிமென்ட், ரியால்கர் இரண்டும் ஆர்செனிக் சல்பைடுகள், நாம் அரிதாரம், மனோசிலை என்று சொல்பவை. கண்ணைப் பறிக்கும் நீலத்தில் விற்கப்படும் சால்கந்தைட் வேறொன்றுமில்லை, மயில்துத்தம்தான். தண்ணீரில் போட்ட உடனேயே கரையத் தொடங்கும், குடித்தால் விஷம். இவற்றில் எதையாவது குடிநீரில் போடச் சொல்லும் கையேடு உங்கள் வீட்டில் இருக்கவே கூடாது. இன்னொருவருக்குக் கொடுக்கவும் வேண்டாம், பழைய பேப்பரில் போட்டுவிடுங்கள்.

சித்த மருத்துவத்தை இதற்குத் துணைக்கு இழுக்க முடியாது. பாடாணங்கள் எனப்படும் நச்சுக் கனிமங்களின் நஞ்சை நன்றாக அறிந்தவர்கள் என்பதால்தான் சித்தர்கள் அவற்றுக்குச் சுத்தி முறைகளையும், புடமிடுதலையும், அளவையும், பத்தியத்தையும் வகுத்தார்கள். அந்த மருந்தையும் பதிவு பெற்ற சித்த மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் மட்டுமே எடுக்க வேண்டும். கடையில் வாங்கிய கல்லை அப்படியே குவளையில் போடுவதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஸ்படிகம், ரோஸ் குவார்ட்ஸ் போன்றவை தண்ணீரில் கரையாதவைதானே என்று அடுத்து கேட்பீர்கள். குவார்ட்ஸ் கரையாது, சரி. ஆனால் நீங்கள் வாங்கியது சாயம் ஏற்றியதா, பிசின் தடவி மெருகிட்டதா, விரிசலுக்குள் வேறு கனிமம் இருக்கிறதா என்பது கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். எந்தக் கல்லையும் குடிநீரில் போட வேண்டாம்.

கடிகாரத்திலேயே குவார்ட்ஸ் வைக்கிறார்கள், எனவே கல்லில் ஆற்றல் இருப்பதை அறிவியலே ஒப்புக்கொண்டுவிட்டது என்கிறார் நூலாசிரியர். – ஈரோடு வாசகர்

பாதி உண்மையை வைத்துக் கட்டிய வாதம். குவார்ட்ஸை அழுத்தினால் அதில் சிறிய மின்னழுத்தம் உண்டாகும் என்று ஜாக், பியேர் கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்டறிந்தார்கள். அதே கல்லுக்கு மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். கடிகாரத்துக்குள் இருப்பது தொழிற்சாலையில் வளர்த்து வெட்டிய ஒரு துணுக்கு. பேட்டரி கொடுக்கும் மின்சாரத்தால் அது விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. பேட்டரியைக் கழற்றினால் அதிர்வு நின்றுவிடும். மேசையில் சும்மா இருக்கும் கல் எதையும் வெளியே அனுப்புவதில்லை. இந்த வாதத்தை எழுதும் ஆசிரியர் பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள்.

எனக்கு நிஜமாகவே கல்லைக் கையில் வைத்தால் சூடு பரவுகிறது, மனம் அமைதியாகிறது. புத்தகத்தில் சொன்னது அப்படியே நடக்கிறது. இதை எப்படிப் பொய் என்பீர்கள்? – புதுச்சேரி வாசகி

உங்கள் அனுபவத்தைப் பொய் என்று சொல்லவே மாட்டேன். அது கல்லிலிருந்து வருகிறதா என்பதுதான் கேள்வி. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியைச் சேர்ந்த உளவியலாளர் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் இதைச் சோதித்து, 2001-ல் முடிவை வெளியிட்டார். 80 பேரில் சிலருக்கு நிஜக் கல், சிலருக்கு அதைப் போன்ற போலி. எது எது என்று அவர்களுக்குத் தெரியாது. கையில் வைத்துத் தியானம் செய்தபோது கூச்சம், சூடு, அமைதி என்று இரண்டு தரப்பினரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். என்னென்ன உணரலாம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களிடம் அந்த உணர்வுகள் வலுவாக இருந்தன.

கையேட்டை எடைபோடுவதற்கு இது மிக முக்கியமான செய்தி. புத்தகம் ஓர் உணர்வை வர்ணிக்கிறது, அதைப் படித்த நாம் அதையே உணர்கிறோம், பிறகு புத்தகம் சரியாகச் சொன்னது என்று வியக்கிறோம். உங்களுக்குக் கிடைத்த அமைதி உண்மையானது. அதற்குக் காரணம் கண்ணை மூடி உட்கார்ந்த அந்த நேரமாக இருக்கலாம். அடுத்த முறை வீட்டில் யாரையாவது ஒரு துணிப்பைக்குள் கல்லையோ கண்ணாடி உருண்டையையோ போட்டுத் தரச் சொல்லி, பிரிக்காமலேயே உட்கார்ந்து பாருங்கள்.

டர்க்காய்ஸ் வளையல் வாங்கினேன். கையேட்டில் உள்ள படத்தைப் போலவே இருக்கிறது. அசல்தானே? – சேலம் வாசகி

படத்தை வைத்துச் சொல்ல முடியாது. கைபேசி செயலிகள் சொல்வதும் நிறத்தையும் வடிவத்தையும் பார்த்துச் செய்யும் ஊகம்தான். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கி, மணிகளின் துளையைப் பாருங்கள். சாயம் ஏற்றிய கல் என்றால் துளையைச் சுற்றியும் மெல்லிய விரிசல்களிலும் நீலம் திட்டாகத் தேங்கியிருக்கும், உள்ளே உடைந்த இடத்தில் வெள்ளை தெரியும். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனில் பஞ்சை நனைத்து, வெளியே தெரியாத இடத்தில் தேய்த்தால் பல சமயம் பஞ்சில் நீலம் ஏறும். இப்படிச் சாயம் பூசி டர்க்காய்ஸ் என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஹவ்லைட் அல்லது மேக்னசைட். உங்கள் சேலத்தில் வெட்டியெடுக்கிறார்களே, அதே மேக்னசைட் கனிமம்தான். இந்த இரண்டு பெயர்களையும் டர்க்காய்ஸ் பக்கத்திலேயே எச்சரிக்கையாகச் சொல்லியிருந்தால் அந்தக் கையேட்டுக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். ஒரு கல்லின் பெயரைச் சொல்லி, அணிந்தால் மாத்திரையைக் குறைக்கலாம் என்று கடையில் கொடுத்த சிறு கையேட்டில் இருக்கிறது. – திருநெல்வேலி வாசகர்

தயவுசெய்து ஒரு மாத்திரையைக்கூடக் குறைக்காதீர்கள். அப்பாவுக்குக் கல் பிடித்திருந்தால் அணியட்டும், மருந்தும் பரிசோதனையும் மருத்துவர் சொன்னபடியே நடக்கட்டும். நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் சட்டம், தாயத்து, மந்திரம், கவசம் போன்றவற்றால் சில நோய்கள் குணமாகும் என்று விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. அந்த நோய்ப் பட்டியலில் சர்க்கரை நோயும் இருக்கிறது. மருந்தின் அளவில் கை வைக்கச் சொல்லும் எந்த எழுத்தும் அந்த ஒரு வரியாலேயே ஒதுக்கத் தக்கது. மற்றப் பக்கங்கள் எவ்வளவு சரியாக இருந்தாலும் சரி.

அப்படியானால் எதைத்தான் வாங்கிப் படிப்பது? – வேலூர் கல்லூரி மாணவி

கல்லை அடையாளம் காணக் கனிமவியல் களக் கையேடு ஒன்று போதும். பெயர்களைச் சரிபார்க்க சர்வதேச கனிமவியல் சங்கத்தின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலும், மின்டாட் இணையத் தரவுத்தளமும் இலவசமாகவே கிடைக்கின்றன. கடையில் சொல்லும் பெயர் சங்கத்தின் பட்டியலில் இல்லை என்றால் அது வணிகப் பெயராகவோ ஒரு கனிமத்தின் வகையாகவோ இருக்கும். அமெதிஸ்ட் கூட குவார்ட்ஸின் ஒரு வகைதான். முத்து, பவளம், அம்பர் மூன்றும் உயிரினங்களிலிருந்து வருபவை. இதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறதா என்பதும் ஒரு நல்ல சோதனை.

இன்னொன்றையும் பாருங்கள். கல் எங்கே, யார் கையால் மெருகேறி வருகிறது என்று எத்தனை கையேடுகள் பேசுகின்றன? குஜராத்தின் கம்பாத்தில் அகேட் கற்களை அரைத்து மெருகூட்டும் தொழிலாளர்கள் தலைமுறையாக சிலிக்கா தூசியைச் சுவாசித்து, சிலிக்கோசிஸ் என்ற தீராத நுரையீரல் நோய்க்கு ஆளாகிறார்கள். அகேட் மூச்சைச் சீராக்கும் என்று எழுதும் ஆசிரியர் இதையும் எழுத வேண்டும் என்று நான் எதிர்பார்க்கிறேன். எழுதியிருக்கும் புத்தகம் கிடைத்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள், மாணவர்களுக்குச் சொல்வேன்.

கல்லோடு ஆய்வகச் சான்றிதழும் கொடுத்தார்கள். பலன் உறுதிதானே? – கொழும்பு வாசகர்

சான்றிதழில் இருப்பது கல்லின் பெயர், எடை, அளவு, ஒளிவிலகல் எண், சூடுபடுத்தியதா சாயம் ஏற்றியதா என்ற விவரம். பலன் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. இருந்தால் அந்தச் சான்றிதழையே வேறொரு ஆய்வகத்தில் காட்டிச் சரிபாருங்கள்.