காற்று வெளியேறும் வழி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். ஷார்ஜாவில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். முதலாளி மணல்மேட்டில் ஓட்டுவதற்காக ஒரு பக்கி (மணலில் ஓடும் திறந்த வண்டி) கட்டிக்கொண்டிருக்கிறோம். பைப் சேஸி, இரண்டு சீட், பின்னால் சுபாரு ஈஜே20 டர்போ இன்ஜின், டர்போ காற்றை அமுக்கும் அழுத்தம், அதாவது பூஸ்ட், 10 பி.எஸ்.ஐ. சீட்டு முதுகுக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு முழ இடம்தான் இருந்தது. டர்போ அமுக்கிச் சூடாக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை அங்கே, இன்ஜினுக்கு மேலே வைத்துவிட்டோம். அல் பதாயர் மணல்மேடுகளில் ஓட்டிப் பார்த்தால் முதல் மேட்டில் வண்டி பறக்கிறது, மூன்றாவது மேட்டில் புல்லிங் போய்விடுகிறது. கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் இன்னும் மோசம். இதைவிடப் பெரிய இன்டர்கூலர் வேண்டும் என்கிறார் முதலாளி. இடமே இல்லை. ஐஸ் பெட்டி வைத்தால் போதும் என்கிறார் ஒரு நண்பர். இன்ஜின் ரேடியேட்டர் தண்ணீரையே இன்டர்கூலருக்கு விடலாமா என்று எனக்கு ஒரு யோசனை. எதைச் செய்யட்டும்?

– வாசகர், ஷார்ஜா

அன்புள்ள தம்பி,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "நிறுத்திவிட்டு எடுத்தால் இன்னும் மோசம்" என்று எழுதியிருக்கிறீர்களே, பிரச்சினை முழுவதும் அந்த வரியில்தான் இருக்கிறது. இன்டர்கூலர் சிறியது என்பது மட்டுமே குறை என்றால், ஓடும்போது சூடாகி, நின்றால் ஆற வேண்டும். உங்களுடையது நிற்கும்போது இன்னும் சூடாகிறது. கீழே இன்ஜினும் டர்போவும் தகிக்கின்றன, அதற்கு நேர் மேலே ஓர் அலுமினியப் பெட்டி. அடுப்பில் ஏற்றிய தோசைக்கல்லுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. பெரிதாகப் போட்டால் கல்தான் பெரிதாகும். முதலாளியிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: இன்டர்கூலருக்கு இடம் தேடுவதற்கு முன், அதற்குள் காற்று வரவும் அதைவிட்டு வெளியே போகவும் வழி தேடுவோம்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். வெளியே 35 டிகிரி என்று வையுங்கள். 10 பி.எஸ்.ஐ.க்கு அமுக்கும் டர்போவின் திறன் 70 சதவீதம் என்றால், அதிலிருந்து வெளிவரும் காற்று ஏறக்குறைய 107 டிகிரியில் இருக்கும். ஒழுங்காக வேலை செய்யும் இன்டர்கூலர் அதை 57 டிகிரிக்குக் கொண்டுவரும். அந்த 50 டிகிரி இறங்கினால் அதே அழுத்தத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 15 சதவீதம் கூடும். அதைவிட முக்கியம், நாக்கிங் (சிலிண்டருக்குள் எரிபொருள் கலவை தானாக வெடிப்பது) வராது. காற்று சூடானதும் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னுக்கு இழுக்கிறது. மூன்றாவது மேட்டில் புல்லிங் போவது அதனால்தான். உண்மையில் இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. அதை மதிக்காமல் மிதித்துக்கொண்டே இருந்தால் அடுத்து பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும். சுபாரு இன்ஜின் பிரித்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதல்ல.

200 குதிரைத்திறன் தரும் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 9 கிலோ காற்றைக் குடிக்கும். அத்தனை காற்றிலும் 50 டிகிரியை இறக்க வேண்டுமென்றால் 7.5 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். ஒரு டன் ஏசி ஒன்று தள்ளுவது 3.5 கிலோவாட். ஆக இரண்டு ஏசி செய்யும் வேலையை அந்த ஒரு முழப் பெட்டி செய்ய வேண்டும். அதுவும் எப்போது? ரோட்டில் ஓடும் காரில் முழு பூஸ்ட் வரும் நேரத்தில் வேகமும் இருக்கும், எதிர்க்காற்று முகத்தில் அடிக்கும். மணல்மேட்டில் முழு பூஸ்ட், ஆனால் வேகம் 30, 40 கிலோமீட்டர்தான். ரோடு காருக்குச் செய்த இன்டர்கூலர், அதன் மேல் காற்றை அள்ளும் ஸ்கூப் எல்லாம் பக்கியில் ஏமாற்றுவதற்கு இதுதான் காரணம். வெப்பம் அதிகமாகப் பிறக்கும் நேரத்தில்தான் காற்று குறைவாகக் கிடைக்கிறது.

நான் இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கோவையில் ஒரு நண்பருக்காக ஜிப்ஸி இன்ஜினில் டர்போ போட்டு இதே மாதிரி ஒரு வண்டி கட்டினோம். இன்டர்கூலர் ஓட்டுநரின் கழுத்துக்குப் பின்னால், முகம் முன்பக்கம் பார்த்து இருந்தது. காற்று நேராக உள்ளே போகும் என்று எல்லோருமே நம்பினோம். இன்டேக் வெப்பம், அதாவது இன்ஜினுக்குள் போகும் காற்றின் சூடு, இறங்கவே இல்லை. ஒருநாள் வீட்டிலிருந்து சிவப்புக் கம்பளி நூல் கொண்டுவந்து, விரல் நீளத்துக்கு வெட்டி, கோரின் (இன்டர்கூலரில் காற்று ஊடுருவிப் போகும் தகடு அடுக்கு) முகத்தில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் டேப் போட்டு ஒட்டினேன். மொபைலை ரோல் பாரில் கட்டி வீடியோ ஓடவிட்டு வண்டியை எடுத்தோம். திரும்பி வந்து பார்த்தால், 40 கிலோமீட்டர் வேகத்தில் நூல்கள் எல்லாம் கோரை விட்டு எழும்பி, முன்பக்கமாக, ஓட்டுநரின் கழுத்தை நோக்கி ஆடிக்கொண்டிருந்தன. காற்று தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தது! சீட்டுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்து, சுழல் உண்டாகி, இன்ஜின் பக்கத்துச் சூடான காற்றைக் கோர் வழியாக முன்னுக்கு இழுத்திருக்கிறது. நாங்கள் இன்டர்கூலர் என்று நினைத்துக்கொண்டிருந்தது அத்தனை நாளும் ஹீட்டராக வேலை செய்திருக்கிறது. கோருக்குக் காற்றைக் கொண்டுவரும் டக்டின் வாயைக் கூரை பாருக்கு மேலே தூக்கி வைத்தோம். நூல்கள் கோரோடு படிந்தன. இன்ஜினுக்குள் காற்று நுழையும் த்ராட்டிலுக்கு முன்னால் இருந்த வெப்ப சென்சாரின் எண் அன்றே இறங்கியது. உங்கள் வண்டியிலும் பணம் செலவழிப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். நூல்தான் செலவு.

பெரிய கம்பெனிகளும் இந்த இடத்தில் முட்டிக்கொண்டுதான் வழி கண்டார்கள். போர்ஷே 911 டர்போவில் 1978இல் 3.3 லிட்டர் இன்ஜினோடு இன்டர்கூலர் வந்தது. பின்னால் இன்ஜின், பக்கத்தில் ஒரு விரல் இடம் கிடையாது. இன்ஜினுக்கு மேலே வைத்தார்கள், ஆனால் சும்மா வைக்கவில்லை. பின்புற ஸ்பாய்லரையே மாற்றி அமைத்து அதற்குள் இன்டர்கூலரை உட்காரவைத்தார்கள். காற்றுக்காக வண்டியின் வடிவம் மாறியது.

உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி, இருப்பதைச் சரிசெய்வது. டர்போ மூச்சு இழுக்கும் இடத்தை முதலில் பாருங்கள். ஃபில்டர் இன்ஜின் பக்கத்தில் இருந்து 60 டிகிரி காற்றை இழுத்தால், டர்போவிலிருந்து வருவது 107 அல்ல, 138. உள்ளே 25 டிகிரி கூடினால் வெளியே 31 கூடுகிறது. குழாயை நீட்டி ஃபில்டரை உயரத்துக்கு, மணல் குறைவாக வரும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். அப்புறம் இன்டர்கூலருக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு தடுப்புத் தகடு. டர்போவின் எக்ஸாஸ்ட் பக்கத்துக்கு வெப்பம் தாங்கும் உறை. கோரின் பின்முகம் முழுவதையும் மூடும் ஷ்ரவுட் செய்து அதில் இழுக்கும் ஃபேன். ஷ்ரவுட் இல்லாமல் ஃபேனை நேராகக் கோரில் கட்டினால் ஃபேன் வட்டத்துக்குள் மட்டும்தான் காற்று ஓடும், மூலைகள் சும்மா கிடக்கும். டக்டுக்கும் கோருக்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருந்தாலும் ஃபோம் வைத்து அடையுங்கள். காற்று எப்போதும் எளிய வழியில்தான் போகும், அந்தச் சந்து இருந்தால் கோருக்குள் நுழையாது. ஃபேன் தள்ளும் சூடான காற்று ஃபில்டர் பக்கமோ ரேடியேட்டர் பக்கமோ போகாமல் பின்னால் வெளியேற வேண்டும்.

இரண்டாவது வழி நீர். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதைத்தான் செய்வேன். பக்கியின் பின்னால்தான் இடமில்லை, முன்னால் மூக்கு காலியாகத்தானே கிடக்கிறது? அமுக்கிய காற்றை முன்னே கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர மூன்று அங்குலக் குழாய் இரண்டு வேண்டும், அத்தனை தூரமும் பூஸ்ட் நிரம்பத் தாமதமாகும். நீருக்கு முக்கால் அங்குல ஹோஸ் இரண்டு போதும். அதே கன அளவில் காற்றைவிட நீர் மூவாயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைச் சுமக்கும். பின்னால் சின்னக் கோர், முன்னால் ஒரு ரேடியேட்டர், நடுவில் பம்ப், ஒரு தொட்டி. இதில் புதுமை ஒன்றுமில்லை. உங்கள் ஈஜே20 டர்போவை சுபாரு 1989இல் முதல் லெகசியில் கொண்டுவந்தபோது நீரால் குளிரும் இன்டர்கூலரைத்தான் வைத்தார்கள். 1992இல் இம்ப்ரெஸா வந்தபோதுதான் பானட் ஸ்கூப்புக்குக் கீழே காற்றால் குளிர்வதாக மாறியது. ஷார்ஜாவில் ஜப்பான் பழைய பாகங்களுக்குப் பஞ்சமில்லையே, அந்த லெகசி கோர் ஒன்று கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். உங்கள் இன்ஜின் குடும்பத்துக்கே செய்தது.

மணல்மேட்டுக்கு நீர் பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு மேடு ஏற எவ்வளவு நேரம்? 20 விநாடி என்று வையுங்கள். தொட்டியில் 8 லிட்டர் நீர் இருந்தால் அந்த 20 விநாடியின் வெப்பம் முழுவதும் ஏறினாலும் நீரின் சூடு 4, 5 டிகிரிதான் கூடும். பிறகு இறக்கம், அடுத்த வண்டிக்காகக் காத்திருப்பது என்று கிடைக்கும் நேரத்தில் முன் ரேடியேட்டர் அதை மெதுவாக வெளியே விட்டுவிடும். அதனால் முன் ரேடியேட்டர் மிகப் பெரிதாக இருக்க வேண்டியதில்லை, ஃபேன் கட்டாயம். மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் நடப்பது மாதிரி மணிக்கணக்கில் ஓடும் பாலைவனப் பந்தயத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே தொட்டி சீக்கிரம் சூடாகிவிடும், ரேடியேட்டரின் அளவுதான் பேசும். உங்கள் முதலாளி மேடு ஏறி இறங்குபவர், அவருக்குத் தொட்டி போதும். 8 கிலோ நீரை முன்னால் வைப்பது தொல்லை என்று நினைக்காதீர்கள், பின்பாரம் அதிகமுள்ள வண்டியின் மூக்கை அது கீழே பிடித்து வைக்கும்.

ரேடியேட்டர் நீரை விடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். அது 90 டிகிரியில் ஓடுகிறது. 107 டிகிரிக் காற்றை அதைக் கொண்டு என்ன செய்தாலும் 90க்குக் கீழே இறக்க முடியாது. இன்டர்கூலர் நீர் தனிச் சுற்றாக, இன்ஜின் நீரோடு எங்கேயும் கலக்காமல் ஓட வேண்டும்.

ஐஸ் வேலை செய்யும், பொய்யில்லை. கால் மைல் தூரம் நேராகப் பாயும் டிராக் (drag) பந்தயத்தில் அதைத்தான் போடுகிறார்கள். ஆனால் ஒரு கிலோ ஐஸ் கரைந்து 30 டிகிரி நீராக மாறும் வரை வாங்கிக்கொள்ளும் வெப்பம், முழு பூஸ்டில் உங்கள் இன்ஜினுக்கு ஒரு நிமிடக் கணக்கு. பாலைவனத்தில் மதியம் வரை ஓட்ட எத்தனை மூட்டை கொண்டுபோவீர்கள்? முதலாளி நண்பர்களோடு போட்டி போடும் நாளில் தொட்டியில் இரண்டு கிலோ போட்டுக்கொள்ளட்டும், அதோடு சரி.

தண்ணீரும் மெத்தனாலும் கலந்து இன்டேக்கில் தெளிக்கும் முறையைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். நல்ல முறைதான், ஆனால் அதை நம்பி பூஸ்டை ஏற்றாதீர்கள். 1962இல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற டர்போ கார் இந்தக் கலவையோடுதான் வந்தது. ஓட்டியவர்கள் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். கடைசியில் பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டு சாதாரண கார்புரேட்டர் பொருத்திக் கொடுக்க வேண்டியதாயிற்று. தவிர, மெத்தனால் எரிந்தால் பகலில் தீ கண்ணுக்கே தெரியாது. சீட்டுக்குப் பின்னால் அதை வைத்துக்கொண்டு ஆட்களை ஏற்ற எனக்கு மனம் வராது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை: தொட்டியின் மூடி அந்தச் சுற்றிலேயே உயரமான இடமாக இருக்கட்டும், இல்லையென்றால் காற்று அடைத்துக்கொண்டு பம்ப் சத்தம் மட்டும் போடும், நீர் ஓடாது. பம்ப் நிமிடத்துக்கு 15, 20 லிட்டராவது தள்ள வேண்டும், தொட்டிக்குக் கீழே இருக்க வேண்டும். அங்கே உறைபனி இல்லை, அதனால் டிஸ்டில்டு வாட்டரும் துரு தடுக்கும் திரவமும் போதும், கூலன்ட்டைக் கெட்டியாக ஊற்றினால் நீர் வெப்பம் சுமப்பது குறையும். இன்ஜினை நிறுத்திய பிறகும் ஒரு நிமிடம் பம்ப் ஓடும்படி ரிலே போடுங்கள், நீங்கள் சொன்ன அந்த "நிறுத்தி எடுத்தால் மோசம்" அங்கே அடங்கும். முன் ரேடியேட்டரில் ஃபின் (மெல்லிய தகடுகள்) நெருக்கமாக இருந்தால் மணல் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் விலகிய ஃபின்னாக வாங்கி, ஓட்டி வந்த அன்றே பின்பக்கத்திலிருந்து காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

பெட்ரோலில் மிச்சம் பிடிக்க வேண்டாம். அங்கே பெட்ரோல் பம்பிலேயே 98 ஆக்டேன் கிடைக்கிறது, 95 போடாதீர்கள்.

எதையும் வெட்டி வெல்டிங் வைப்பதற்கு முன் மூன்று இடத்தில் வெப்பம் அளக்க வேண்டும்: கோரின் முகத்துக்கு முன்னால், டர்போவிலிருந்து வெளிவரும் குழாயில், த்ராட்டில் பாடிக்கு முன்னால். இன்டர்கூலருக்கு முன்னும் பின்னும் ஒரு பூஸ்ட் கேஜ் மாட்டி அழுத்தத்தையும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே 2 பி.எஸ்.ஐ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோரே காற்றை நெரிக்கிறது என்று பொருள், அதற்கு வைத்தியம் வேறு. முதல் மேட்டில் ஒரு முறை, மூன்றாவது மேட்டில் ஒரு முறை, ஐந்து நிமிடம் நிறுத்தி எடுக்கும்போது ஒரு முறை குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்களையும் நூல் ஆடும் வீடியோவையும் அனுப்பி வையுங்கள். முன் ரேடியேட்டர் எந்த அளவில் வேண்டும் என்று அதை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்