ஆபீஸ் வேலைக்குச் சொந்த மென்பொருள்: சிறு வணிகர்களின் கேள்விகளும் பதில்களும்

சிங்கப்பூரில் வியாபாரம் வளர்ந்து, எக்செல் போதாமல் போய், "நமக்கென்று ஒரு சிஸ்டம் செய்துகொள்ளலாமா" என்ற கட்டத்தில் நிற்பவர்கள் எழுதிய கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ஊபியில் கேட்டரிங் நடத்துகிறோம். 14 பேர் வேலை செய்கிறார்கள். ஆர்டர் வாட்ஸ்அப்பில் வரும், எங்கள் கிளார்க் அதை எக்செல்லில் ஏற்றுவார். ஆர்டர் கூடக் கூடத் தப்பும் கூடிவிட்டது. ஒரு மென்பொருள் நிறுவனம் ஆர்டர், சமையலறை, டெலிவரி, இன்வாய்ஸ், கணக்கு, சம்பளம் எல்லாவற்றையும் ஒரே சிஸ்டமாகச் செய்து தர 42,000 வெள்ளி கேட்கிறது. பராமரிப்புக்கு வருடத்துக்கு அதில் 15 விழுக்காடு. கொடுக்கலாமா?

பதில்: இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் உங்கள் கிளார்க் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு ஒரு முழு நாள் உட்காருங்கள்.

உங்களைப் போன்ற ஆபீஸ்களில் நடப்பது பெரும்பாலும் இதுதான். இரவு 11 மணிக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி வருகிறது: "சனிக்கிழமை 120 பேர், 40 சைவம், அதில் 12 பேருக்கு வெங்காயம் பூண்டு கூடாது, 11.30க்கு வந்துடணும்." காலையில் கிளார்க் அதை எக்செல்லில் தட்டுகிறார். அதையே சமையலறைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுகிறார். டிரைவருக்கு டிஓ (டெலிவரி ஆர்டர்) போடும்போது மூன்றாவது முறை. இன்வாய்ஸில் நான்காவது முறை. மறுநாள் மதியம் "120ஐ 135 ஆக்கிடுங்க அண்ணே" என்று வாடிக்கையாளர் சொல்கிறார். கிளார்க் எக்செல்லை உடனே திருத்திவிடுகிறார், ஆனால் சுவரில் இருக்கும் தாளில் 120தான் இருக்கிறது. சனிக்கிழமை 15 பேருக்குச் சாப்பாடு குறைகிறது.

உங்கள் தப்பு எங்கே பிறக்கிறது என்று அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும். கணக்கிலோ சம்பளத்திலோ அது இருக்க வாய்ப்புக் குறைவு. ஒரே விவரத்தைத் திரும்பத் திரும்ப எழுதும் இடத்தில்தான் இருக்கும்.

அடுத்தது பணம். மறுபடி மறுபடி எழுதுவதில் தினமும் இரண்டு மணி நேரம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள், மணிக்கு 15 வெள்ளி என்றால் வருடத்துக்கு 9,360 வெள்ளி. புது சிஸ்டம் அந்த நேரம் முழுவதையும் மிச்சப்படுத்தினாலும் பராமரிப்புக்கே 6,300 போய்விடும். கையில் நிற்பது 3,060. போட்ட 42,000 திரும்பி வர 13 வருடத்துக்கு மேலாகும். தப்பான ஆர்டரால் வரும் நஷ்டத்தையும் நீங்கள் சேர்த்துப் பார்க்க வேண்டும், அதைச் சேர்த்தாலும் இந்த விலைக்கு நியாயம் கிடைப்பது கஷ்டம்.

எல்லாரும் ஒரே மாதிரி செய்யும் வேலைக்கு ரெடிமேடாக இருப்பதை வாங்குங்கள். கணக்கு அப்படிப்பட்டது. ஸீரோ, குவிக்புக்ஸ் மாதிரி மாதச் சந்தாவில் கிடைப்பவை போதும். சம்பளமும் அப்படித்தான். மசேநி (மத்திய சேம நிதி) விகிதம் மாறினால் திருத்துவது அந்த மென்பொருளை விற்பவர்கள் பொறுப்பு. உங்களுக்கே உரிய வேலை, ஆர்டரிலிருந்து சமையலறைத் தாளும் டிஓவும் தானாக வெளிவருவதுதான். அதை மட்டும் செய்யச் சொல்லி, முடிந்த ஆர்டரைக் கணக்கு மென்பொருளுக்கு ஏபிஐ (இரண்டு மென்பொருள்கள் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் இணைப்பு) வழியாக அனுப்பச் சொல்லுங்கள். இந்தப் பகுதிக்கு மட்டும் 12,000 கேட்டு, பராமரிப்பு அதே 15 விழுக்காடு என்றால், தினமும் ஒன்றரை மணி நேரம் மிச்சமானாலே இரண்டரை வருடத்துக்குள் போட்ட பணம் வந்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒரு மாதம் கூகுள் ஃபார்மும் ஷீட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். சமையலறையில் சுவர்த் தாளுக்குப் பதில் ஒரு டேப்லெட். வாடிக்கையாளர்கள் ஃபார்மைத் தொடவே மாட்டேன் என்கிறார்களா, கிளார்க்தான் அதை நிரப்ப வேண்டியிருக்கிறதா, எந்தக் கட்டத்தில் என்ன கேட்க மறந்தீர்கள் என்பதெல்லாம் வெளியே வரும். அந்த மாதத்தில் எழுதிய குறிப்புதான் மென்பொருள்காரரிடம் கொடுக்க வேண்டிய தேவைப் பட்டியல். விற்க வந்தவரே எழுதிக் கொடுத்த பட்டியலை நம்பி விலை பேசாதீர்கள்.

அப்புறம் ஒன்று. வாட்ஸ்அப் செய்தியைத் தானாகப் படித்து ஆர்டர் போடும் வசதி தருகிறோம் என்றால், அதிகாரபூர்வ வாட்ஸ்அப் பிசினஸ் ஏபிஐ வழியாகவா என்று கேளுங்கள். குறுக்கு வழியில் இணைத்தால் உங்கள் எண்ணையே முடக்கிவிடக்கூடும். பல வருடமாக வாடிக்கையாளர் கையில் இருக்கும் எண் அது.

கேள்வி: "இன்றைக்கே முன்பணம் கட்டுங்கள், அரசாங்க மானியத்தில் பாதி திரும்பி வந்துவிடும்" என்கிறார் விற்பனையாளர். நம்பலாமா?

பதில்: வேண்டாம். பிஎஸ்ஜி எனப்படும் உற்பத்தித்திறன் தீர்வு மானியத்துக்கு, கையெழுத்துப் போடுவதற்கும் பணம் கட்டுவதற்கும் முன்னாலேயே விண்ணப்பிக்க வேண்டும். முன்பணம் கட்டிவிட்டுப் போனால் அந்தச் செலவுக்கு மானியம் கிடையாது. விற்பனையாளர் காட்டும் அவசரம் உங்கள் மானியத்தையே கெடுத்துவிடும்.

இன்னொரு விஷயத்தையும் அவர் சொல்லியிருக்க மாட்டார். பிஎஸ்ஜி, முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற விற்பனையாளர்களின் ரெடிமேட் மென்பொருளுக்கானது. சிறு நிறுவனங்களுக்குத் தகுதியான செலவில் 50 விழுக்காடு வரை தருவார்கள். உங்களுக்கென்று புதிதாக எழுதும் மென்பொருள் அதில் வராது. வேலைமுறையையே மாற்றும் பெரிய திட்டமாக இருந்தால் எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் என்ற அரசாங்க அமைப்பின் இடிஜி (நிறுவன மேம்பாட்டு) மானியத்தைப் பார்க்கலாம், ஆனால் அதற்குத் திட்ட விவரம் எல்லாம் எழுதிக் கொடுத்து, அவர்கள் ஆராய்ந்து முடிவு சொல்ல வேண்டும். இரண்டிலும் முதலில் உங்கள் கைப்பணம் போகும், வேலை முடிந்து கோரிக்கை கொடுத்த பிறகுதான் மானியம் வரும். ஆகவே முழுத் தொகையையும் கட்டும் தெம்பு உங்களிடம் இருக்க வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறும், விண்ணப்பிக்கும் நாளில் பிசினஸ் கிராண்ட்ஸ் போர்ட்டலில் நீங்களே படித்துப் பாருங்கள்.

விலையைக் கூட்டிக் காட்டி, மானியம் வந்ததும் உங்களுக்கு ஒரு பங்கு ரொக்கமாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அது மோசடி. உடன்பட்டால் நீங்களும் மாட்டுவீர்கள்.

கேள்வி: ஐயா, காக்கி புக்கிட்டில் ஏர்கான் சர்வீஸ் கம்பெனி வைத்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஃப்ரீலான்சரிடம் 9,000 வெள்ளி கொடுத்து, எந்த வீட்டுக்கு எந்த டெக்னீஷியன் எப்போது போகிறார் என்று பார்க்கும் சிஸ்டம் செய்தேன். நன்றாகத்தான் ஓடுகிறது. இப்போது சின்ன மாற்றம் கேட்டால் 4,000 என்கிறார். வேறு ஆளிடம் கொடுக்கலாம் என்றால், கோட் (சிஸ்டத்தின் நிரல்) தன்னுடையது, தர முடியாது என்கிறார். பணம் கொடுத்தது நான். எப்படி அவருடையதாகும்?

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் சட்டம் அவர் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். சிங்கப்பூர்க் காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 2021இன்படி, உங்கள் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதிய மென்பொருள் உங்களுடையது. வெளியாளிடம் பணம் கொடுத்து எழுதச் சொன்னால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை காப்புரிமை எழுதியவரிடமே நிற்கும். அதை உங்கள் பெயருக்கு மாற்ற, எழுத்தில் அவர் கையெழுத்து வேண்டும். நீங்கள் வாங்கியது பயன்படுத்தும் உரிமை என்றுதான் அவர் வாதிடுவார். இரண்டு பேரும் என்ன பேசினீர்கள், குவோட்டேஷனில் என்ன எழுதியிருந்தது, வாட்ஸ்அப்பில் என்ன சொன்னார் என்று எல்லாவற்றையும் தேடி எடுத்துவிட்டு ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

ஆனால் கோட் வேறு, தகவல் வேறு. வாடிக்கையாளர் பெயர், முகவரி, சர்வீஸ் செய்த தேதி எல்லாம் உங்கள் வியாபாரத்தின் தகவல். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். சண்டை முற்றுவதற்கு முன், இந்த வாரமே, எல்லாவற்றையும் சிஎஸ்வி கோப்பாக (எக்செல்லில் திறக்கக்கூடியது) இறக்கி உங்கள் கணினியில் வையுங்கள். சர்வர் அவர் பெயரில் இருந்தால் இதை இன்னும் சீக்கிரம் செய்யுங்கள். தகவல் கையில் இருந்தால் இன்னொருவரிடம் புதிதாகச் செய்துகொள்ளலாம். டெக்னீஷியன் அட்டவணைக்கு இப்போது மாதச் சந்தாவில் நல்ல ரெடிமேட் மென்பொருள்களும் இருக்கின்றன, 4,000 கொடுப்பதற்கு முன் அவற்றையும் பாருங்கள்.

அடுத்த முறை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை: முழுப் பணம் கட்டியதும் கோடின் காப்புரிமை உங்கள் நிறுவனத்துக்கு வரும் என்ற வரி. டொமைன் (இணைய முகவரி), கிளவுட் கணக்கு (சிஸ்டம் ஓடும் வாடகை சர்வர்), கிட்ஹப் (கோடைச் சேமித்து வைக்கும் தளம்) மூன்றும் முதல் நாளிலிருந்தே கம்பெனி மின்னஞ்சலில், உங்கள் அட்டையில். மென்பொருள்காரரை உள்ளே சேர்த்து அனுமதி கொடுங்கள், அவர் உங்களைச் சேர்த்துக்கொள்ளும்படி வைக்காதீர்கள். வேலையை நான்கைந்து கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் உங்கள் ஆபீஸில் உண்மையான வேலைக்கு ஓடிய பிறகு பணம். கடைசித் தவணையைப் பிடித்து வைத்து, வேறொரு புரோகிராமரை ஒரு நாள் கூலிக்குக் கூப்பிட்டு, கொடுத்த கோடையும் குறிப்பையும் மட்டும் வைத்து சிஸ்டத்தைப் புதிய இடத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அவரால் முடிந்தால்தான் அது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. இந்த ஒரு நாள் கூலியை மட்டும் மிச்சம் பிடிக்கவே பிடிக்காதீர்கள்.

முடிக்காமல் விட்ட வேலைக்குப் பணம் திரும்பக் கேட்பவர்களுக்காகவும் ஒரு வார்த்தை. கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கம் தனிப்பட்ட பயனீட்டாளர்களுக்கானது, வியாபாரத்துக்கு வியாபாரம் நடக்கும் தகராற்றை எடுக்காது. சிறு தொகைத் தகராறுகளை விசாரிக்கும் ஸ்மால் கிளைம்ஸ் ட்ரிபியூனலுக்கு நீங்கள் போகலாம். 20,000 வெள்ளி வரை, இரண்டு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது, நீங்களே பேச வேண்டும். எழுத்தில் இருக்கும் கட்டங்களும் தேதிகளும் அங்கேதான் உதவும்.

கேள்வி: தேக்காவில் துணிக்கடை. உறுப்பினர் அட்டைக்கு ஒரு சிஸ்டம் செய்கிறோம். வாடிக்கையாளரை அடையாளம் காண அடையாள அட்டை எண்ணைப் பதிந்துகொள்ளலாம் என்கிறார் மென்பொருள்காரர்.

பதில்: கூடாது. 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்கும் இடங்களிலும் ஆளைத் துல்லியமாக உறுதிசெய்தே ஆக வேண்டிய இடங்களிலும் தவிர, தனியார் நிறுவனங்கள் அந்த எண்ணை வாங்கக்கூடாது. புடவைக்குத் தள்ளுபடி கொடுப்பது அதில் வராது. கைபேசி எண் போதும். இது தெரியாமல் ஒருவர் சிங்கப்பூரில் உறுப்பினர் சிஸ்டம் விற்கிறார் என்றால், வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி: புதிதாகச் செய்யும் இன்வாய்ஸ் மென்பொருளில் இன்வாய்ஸ்நவ் (சிங்கப்பூரின் மின்-இன்வாய்ஸ் வலையமைப்பு) அவசியமா?

பதில்: வைத்துவிடுங்கள். 2025 நவம்பர் 1 முதல், புதிதாகத் தொடங்கி விருப்பப்பட்டு ஜிஎஸ்டிக்குப் பதியும் நிறுவனங்களுக்கும், 2026 ஏப்ரல் 1 முதல் விருப்பப்பட்டுப் பதியும் எல்லாருக்கும் அது கட்டாயம். இன்வாய்ஸ் விவரம் நேரே வரி அலுவலகத்துக்குப் போகும். இதைச் சொந்தமாக எழுத வைப்பது வீண் செலவு, ஐஎம்டிஏ (தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம்) பட்டியலில் உள்ள மென்பொருளையே இன்வாய்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். "மாமா, ஏஐ வைத்து ரெண்டு வாரத்துல செஞ்சு தர்றேன், காசு வேண்டாம்" என்கிறான். மளிகை மொத்த வியாபாரம் எங்களுடையது. விடலாமா?

பதில்: விடுங்கள், ஆனால் வேலையைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். தப்பு நடந்தால் அரை மணி நேரத்தில் கையாலேயே சரிசெய்யக்கூடிய வேலையாக இருக்கட்டும். சப்ளையர் அனுப்பும் விலைப்பட்டியலை ஒரே ஷீட்டில் சேர்த்து, போன வாரத்தைவிட எது ஏறியது என்று காட்டுவது. பாக்கி வைத்திருக்கும் கடைகளுக்கு நினைவூட்டல் தயார்செய்து, உங்கள் கண்ணில் பட்ட பிறகு அனுப்புவது. இந்த மாதிரி.

சம்பளத்தை மட்டும் கொடுக்காதீர்கள். மசேநி விகிதம் வயதுக்கு வயது வேறு. மசேநி கணக்கிடும் மாதச் சம்பள உச்சவரம்பு 2025இல் 7,400 வெள்ளி, 2026 ஜனவரி முதல் 8,000. இப்படி மாறுவதையெல்லாம், படிப்பும் தேசிய சேவையும் இருக்கும் பிள்ளை வருடா வருடம் வந்து திருத்துவான் என்று எதிர்பார்க்க முடியாது.

ஏஐயில் போட்டுப் பார்க்க உண்மையான வாடிக்கையாளர் விவரத்தைக் கொடுக்க வேண்டாம், பொய்ப் பெயரும் எண்ணும் போட்ட மாதிரிக் கோப்பு ஒன்றைத் தயார்செய்து கொடுங்கள். கணக்குகளைக் கம்பெனி மின்னஞ்சலில் திறந்து கொடுங்கள். என்ன செய்தான், நின்றுபோனால் எப்படி மறுபடி ஓட்டுவது என்று ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். காசு வேண்டாம் என்றாலும் கொடுங்கள். கூலி வாங்கினவனிடம்தான் "இது சரியில்லை, திருத்து" என்று உரிமையோடு சொல்ல முடியும்.