எந்தப் பருவத்தில் சுட்டது? கடும் வெயிலும் பூச்சிகளும்: கேள்வி-பதில்

ஆந்திராவின் குப்பம், பலமனேர், நகரி, புத்தூர், சத்தியவேடு பகுதிகளில் வாழும் தமிழ் வாசகர்களின் கேள்விகள் இவை. ஐந்திலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: வெயில் உச்சத்தில் இருந்தபோது அந்தப் பூச்சி முட்டையாக இருந்ததா, புழுவாகவா, கூட்டுப்புழுவாகவா, வளர்ந்த பூச்சியாகவா?

குப்பம் பக்கத்துப் பட்டு விவசாயி: மூன்றாவது தோலுரிப்பு வரை நோயின்றி வளர்ந்த வெண்பட்டுப் புழுக்கள், ஐந்தாம் பருவத்தில் (நான்காம் தோலுரிப்புக்குப் பின்) உப்பி, தொட்டால் பால் போன்ற நீர் வடிய மடிந்துவிட்டன. புழு வளர்ப்பு மனையின் வெப்பம் முதல் நாளிலிருந்து ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. பிறகு ஏன் இப்படி?

வெப்பம் ஒரே அளவில் இருந்ததுதான் சிக்கல். பட்டுப்புழு வளர வளர அதற்கு ஏற்ற வெப்பம் கூடுவதில்லை, குறைகிறது. இளம்புழுக்களுக்கு 27 முதல் 28 டிகிரி செல்சியஸும் 85 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதமும் உகந்தவை. ஐந்தாம் பருவப் புழுவுக்கோ 24, 25 டிகிரியும் 70 விழுக்காடு ஈரப்பதமும் போதும். தன் வாழ்நாளில் தின்னும் மல்பெரி இலையில் பெரும்பகுதியை அது இந்த ஒரு பருவத்தில்தான் தின்கிறது. அவ்வளவு இலை செரிக்கும்போது உடலில் வெப்பம் பிறக்கிறது. புழுக்கள் இலையோடு கிடக்கும் படுக்கை நெருக்கமாக இருந்தால் அந்த வெப்பமும் எச்சத்தின் ஈரமும் வெளியேற வழியில்லாமல் தங்குகின்றன. ஆகவே சுவரில் தொங்கும் வெப்பமானி 32 என்று காட்டும்போது, படுக்கையின் நடுவே இருக்கும் புழு அதைவிடக் கூடுதலான சூட்டில் இருக்கக்கூடும்.

நீங்கள் சொல்லும் அறிகுறி பால்புழு நோயினுடையது. அது நச்சுயிரியால் வருவது. வெயில் அதை உண்டாக்குவதில்லை. ஆனால் மனையிலோ தட்டிலோ ஏற்கெனவே தங்கியிருந்த கிருமி, வெப்பத்தால் தளர்ந்த புழுவில் எளிதாகப் பெருகிவிடுகிறது. எனவே அடுத்த வளர்ப்புக்கு முன் மனையையும் தளவாடங்களையும் முழுமையாகக் கிருமி நீக்கம் செய்யுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையாக இருந்தால் அதன்மேல் தென்னங்கீற்று வேய்ந்து, கோடையில் சன்னல்களில் நனைத்த கோணியைத் தொங்கவிடுங்கள்; நான்காம் பருவம் தொடங்கியதும் படுக்கையை அகலப்படுத்துங்கள்; இலையின் பெரும்பங்கை இரவிலும் விடியலிலும் போடுங்கள். மழைக்காலத்தில் கோணியை நனைப்பது ஈரத்தைக் கூட்டிக் கெடுதலே செய்யும்.

விதைக்கூடு (முட்டை எடுப்பதற்கான கூடு) வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கூட்டுக்குள் இருக்கும் ஆண் கூட்டுப்புழு 32 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் சில நாள் கிடந்தால், அந்துப்பூச்சி நலமாகவே வெளிவந்து இணைசேரும். ஆனால் முட்டைகளில் பெரும்பகுதி பொரிக்காது. கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் இந்த இழப்பு தெரியாது என்பதால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

புத்தூர் வாசகி: கத்திரி வெயிலில் மூன்று நாள் காயவைத்து எடுத்துவைத்த துவரையில் இரண்டு மாதத்தில் வண்டு வந்துவிட்டது. வெயிலுக்கு வண்டு சாகாதா?

சாகும், ஆனால் வெயில் எல்லாப் பருவத்தையும் ஒரே அளவில் எட்டுவதில்லை. வளர்ந்த பயறு வண்டு சூடு தாங்காமல் நடந்தோ பறந்தோ நிழலுக்குப் போய்விடுகிறது. பருப்பின் தோலில் ஒட்டியிருக்கும் முட்டையும் பருப்பைக் குடைந்து உள்ளே இருக்கும் புழுவும் நகர முடியாதவை; அவற்றைக் கொல்ல வேண்டுமானால் பருப்பே சூடேற வேண்டும். தானியப் பூச்சிகளுக்கு 25 முதல் 33 டிகிரி வரை உகந்த வெப்பம். 35 டிகிரிக்கு மேல் பெருக்கம் தளரும். 50 டிகிரியைத் தாண்டினால்தான் நிமிடக் கணக்கில் சாவு. நான்கு விரல் உயரக் குவியலின் மேல்பரப்பு சுட்டாலும் அடிப்பகுதி அந்த அளவை எட்டாது. மெல்லிய ஒற்றை அடுக்காகப் பரப்பி, உச்சி வெயிலில் இடையிடையே கிளறி, நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத கலத்தில் அடையுங்கள். சூடாகவே மூடினால் உள்ளே ஈரம் கோக்கும்.

சாகாத வண்டுக்கும் பாதிப்பு உண்டு. இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிவப்பு மாவு வண்டுகளை 5 நாள் 42 டிகிரியில் வைத்துப் பார்த்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், உயிர் பிழைத்த ஆண்களின் சந்ததி பாதியாகக் குறைந்தது. இரண்டாம் முறையும் அதே வெப்பத்துக்கு ஆளானவை ஏறத்தாழ மலடாயின. முன்பே இணைசேர்ந்த பெண்ணின் உடலில் சேமிக்கப்பட்டிருந்த விந்தும் கெட்டது. இதை நம்பிப் பருப்பை விட்டுவிடக் கூடாது. பாதி குறைந்தாலும் மீதிப் பாதி ஒரு மூட்டையைத் தின்னப் போதும்.

சத்தியவேடு விவசாயி: ரோகிணிக் கார்த்தியில் (மே இறுதியில் தொடங்கும் இரு வாரம்) உரலே வெடிக்கும் என்று தெலுங்கு பேசும் அண்டை வீட்டார் சொல்வார்கள். அந்த வெயிலிலும் நிலக்கடலைக் கம்பளிப்புழுவின் கூடு மண்ணுக்குள் வெந்து போகாதா?

போகாது. சிவப்புக் கம்பளிப்பூச்சி ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக உறங்கியே கழிக்கிறது. வரப்போரமும் மரநிழலும் அதற்குப் பிடித்த இடங்கள். வெற்று நிலத்தின் மேல்பரப்பு 60 டிகிரியைத் தொடும் நாளிலும், ஒரு சாண் ஆழத்தில் வெப்பம் அதைவிட வெகுவாகக் குறைந்தும் இரவு பகல் மாற்றம் மிகச் சிறிதாகவும் இருக்கும். நல்ல மழை பெய்து மண் நனைந்ததும் அந்துப்பூச்சிகள் வெளிவந்து, இலையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடுகின்றன.

வெயில் கூட்டுப்புழுவிடம் போகாது என்பதால் கூட்டுப்புழுவை வெயிலிடம் கொண்டுவருவதே கோடை உழவு. முதல் கோடை மழையின் ஈரத்தில் ஆழ உழுது புரட்டினால், மேலே வந்தவை வெயிலில் காய்ந்தும் பறவைகளுக்கு இரையாகியும் அழிகின்றன. உங்கள் வயலை மட்டும் உழுவதால் பயன் குறைவு. ஊரே சேர்ந்து வரப்போரங்களையும் விடாமல் செய்ய வேண்டும். உழவு தவறியவர்கள் மழை பெய்த இரவிலிருந்து விளக்குப்பொறி வைத்து, இலைகளில் முட்டைக் குவியல்களைத் தேடிப் பறித்து அழிக்கலாம். புழு பெரிதாகி மயிரடர்ந்து வயல்விட்டு வயல் படையெடுக்கும்போது மருந்து தேடுவது, என் பார்வையில், மிகவும் காலம் கடந்த செயல்.

பலமனேர் வாசகர்: மாலையில் தேனீக்கள் பெட்டி வாசலில் கொத்தாகத் தொங்குகின்றன. கூட்டைவிட்டு ஓடப் போகின்றனவா?

உடனே அப்படி முடிவு செய்ய வேண்டாம். புழுக்கள் வளரும் அடையைத் தேனீக்கள் 33 முதல் 36 டிகிரிக்குள் காக்கின்றன. அதற்காகச் சில இறக்கையால் விசிறும், சில நீர் கொண்டுவந்து அடைமேல் பூசும், மீதமுள்ளவை நெரிசலைக் குறைக்க வெளியே வந்து தொங்கும். பெட்டியை நிழலுக்கு மாற்றி, அருகே கூழாங்கல் இட்ட தட்டில் நாள்தோறும் தண்ணீர் வையுங்கள். நிழலும் நீரும் கிடைக்காவிட்டால் இந்தியத் தேனீ கூட்டைக் கைவிட்டுப் போகத் தயங்காது. வெப்ப அலைக்குப் பின் புழு அடை வெறிச்சோடித் தெரிந்தால் ராணியையும் ஐயுறுங்கள். முன்பு இணைசேர்ந்தபோது பெற்ற விந்துவையே அது வாழ்நாள் முழுவதும் பயன்படுத்துகிறது. கூடு 38 டிகிரியைத் தாண்டிச் சில மணி நேரம் கிடந்தால் அந்தச் சேமிப்பு கெடத் தொடங்கும்.

நகரி வாசகி: இவ்வளவு வெயிலில் டெங்குக் கொசு ஒழிந்துவிடும்தானே?

ஒழியாது. ஏடிசு கொசு வழியாக டெங்கு பரவுவதற்கு மிக உகந்தது ஏறத்தாழ 29 டிகிரி. உச்சக் கோடையில் வளர்ந்த கொசுக்கள் குறையலாம். ஆனால் அதன் முட்டை தொட்டியின் உட்சுவரில் நீரின்றிப் பல மாதம் கிடந்து, மழைநீர் தொட்டதும் பொரிக்கும். ஆகவே முதல் மழைக்கு முன்பே, காலியாகக் கிடக்கும் தொட்டி, குடம், பழைய டயர் ஆகியவற்றின் உட்புறத்தை நார் கொண்டு அழுத்தித் தேய்த்துக் கழுவிவிடுங்கள். தண்ணீரை மட்டும் கொட்டினால் முட்டை அங்கேயே ஒட்டியிருக்கும்.