'வித் காட் ஆன் அவர் சைடு' கடவுளுக்கு எதிரான பாட்டா?

கேள்வி: அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் இந்தப் போர் எதிர்ப்புப் பாட்டுக்கு என்ன அர்த்தம்? மதத்தைத் திட்டுகிறாரா?

'கடவுள் நம்ம பக்கம்' என்ற தலைப்பை மட்டும் பார்த்து, இது ஏதோ சர்ச் பாட்டு என்று நம்பி, விடுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சத்தமாக வைத்த ஆள் நான். ஏழு நிமிடப் பாட்டு. "எப்படா முடியும் இந்த ஒப்பாரி?" என்றான் அறைத்தோழன். நாலைந்து முறை கேட்ட பிறகுதான் அது யாரைக் குத்துகிறது என்று பிடிபட்டது.

பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தை. என் பெயர் ஒன்றுமில்லை, வயது அதைவிட ஒன்றுமில்லை என்று ஆரம்பிக்கிறவர், படித்த பாடத்தை அப்படியே ஒப்பிக்கிறார். குதிரைப்படை பாய்ந்தது, பழங்குடிகள் செத்தார்கள். ஸ்பெயினோடு சண்டை, உள்நாட்டுப் போர், உலகப் போர்கள். எல்லாவற்றிலும் கடவுள் நம்ம பக்கம். முதல் உலகப் போர் எதற்கென்றே எனக்குப் புரிந்ததில்லை, ஆனாலும் பெருமையோடு ஏற்றுக்கொண்டேன் என்கிறார். நல்ல மார்க் வாங்கும் பையன்!

எனக்குச் சுருக்கென்று தைத்தது ஜெர்மனி வரும் இடம். அறுபது லட்சம் பேரைக் கொன்றவர்களை மன்னித்துச் சிநேகிதம் ஆகிவிட்டோம், இப்போது கடவுள் அவர்கள் பக்கமும் இருக்கிறார் என்று வரும். அமெரிக்கா இருக்கும் ராணுவக் கூட்டணியான நேட்டோவில் மேற்கு ஜெர்மனி சேர்ந்தது 1955இல், டிலன் இதைப் பாடத் தொடங்கியது 1963இல். ஆனால் ஜெர்மன் சிப்பாய்கள் அதற்கு முன்பே கடவுளை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் போனார்கள். ஹிட்லர் காலத்துத் தரைப்படையின் பெல்ட் பக்கிளில் ஸ்வஸ்திகாவைக் காலில் பிடித்திருக்கும் கழுகு, அதற்கு மேலே 'காட் மிட் உன்ஸ்'. கடவுள் நம்மோடு என்று பொருள். முதல் உலகப் போரில், ஜெர்மனியின் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் சிப்பாய்களுடைய பக்கிளிலும் இதே வாசகம்தான்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் ஒரே பைபிளைப் படித்து, ஒரே கடவுளிடம், எதிராளியை வீழ்த்த உதவி கேட்டதை லிங்கனே 1865 பதவியேற்பு உரையில் சொல்லியிருக்கிறார்.

மதத்தைத் திட்டுகிறார் என்பவர்கள் காட்டுவது யூதாஸ் பகுதியை. இயேசுவைக் காட்டிக்கொடுத்தவன் பக்கமும் கடவுள் இருந்தாரா என்று கேட்டுவிட்டு, உனக்காக நான் யோசிக்க முடியாது, நீயே முடிவு செய் என்று நகர்ந்துவிடுகிறார். காட்டிக்கொடுக்காமல் சிலுவை இல்லை, சிலுவை இல்லாமல் மீட்பு இல்லை என்று நம்புகிறவருக்கு இது லேசான கேள்வியா? பைபிளை ஊன்றிப் படித்தவன்தான் இப்படிக் கேட்பான். நாத்திகனுக்கு இதில் என்ன வேலை?

மெட்டு டிலனுடையது இல்லை. அயர்லாந்தின் டொமினிக் பீஹன் எழுதிய 'தி பேட்ரியட் கேம்' பாட்டின் மெட்டு. அவருக்கும் அது பழைய நாட்டுப்பாட்டிலிருந்து வந்ததுதான். பீஹனின் பாட்டு, 1957இல் ஒரு போலீஸ் முகாமைத் தாக்கப் போய் இறந்த ஐ.ஆர்.ஏ. (பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த அயர்லாந்து ஆயுதக் குழு) வீரர் ஃபெர்கல் ஓஹான்லனைப் பற்றியது. நிஜத்தில் அவருக்கு 20 வயது. பாட்டில் அந்தப் பையன், என் பெயர் ஓஹான்லன், பதினாறு முடிந்திருக்கிறது என்பான். அதை முதலில் கேட்டுவிட்டு டிலனின் முதல் வரிக்கு வாருங்கள்.