சீனி வருத்தம், செயற்கைக் கால், வலிப்பு: லைசன்ஸ் கேள்விகள்

கேள்வி: வயது 54. 11 வருஷமாகச் சீனி வருத்தம், 2 வருஷமாக இன்சுலின் போடுகிறேன். லைசன்ஸ் புதுப்பிக்க மெடிக்கல் எடுக்க வேண்டும். இன்சுலினைப் பற்றி வாய் திறக்காதே என்கிறார் மச்சான். என்ன செய்யட்டும்? – வாசகர், வெள்ளவத்தை

பதில்: தயவுசெய்து சொல்லிவிடுங்கள். நுகேகொடையில் உள்ள போக்குவரத்து மருத்துவ நிறுவகத்துக்குப் போகும்போது அடையாள அட்டையோடு கிளினிக் கொப்பி, கடைசி எச்.பி.ஏ.1.சி. (சுமார் 3 மாதச் சராசரிச் சீனி அளவு) அறிக்கை, கண் கிளினிக்கில் விழித்திரை பார்த்த துண்டு ஆகியவற்றையும் கொண்டுபோங்கள். சீனி திடீரென இறங்குகிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்பவைதான் வாகனம் ஓட்டுபவருக்கு முக்கியம். இவை மூன்றுக்கும் கையில் தாள் இருந்தால் பேச்சு சுருங்கும்.

சீனி கூடுவதைவிட இறங்குவதுதான் ஸ்டியரிங்கில் ஆபத்து. மூளைக்குக் குளுக்கோஸ் குறைந்தால், மயக்கம் வருவதற்கு முன்பே முடிவெடுக்கும் வேகம் போய்விடும். கொழும்புக் காலி வீதி நெரிசலில் முன்னால் பஸ் நிற்பது கண்ணுக்குத் தெரியும், கால் பிரேக்குக்குப் போகப் பிந்தும். பல வருஷம் சீனி உள்ளவர்களுக்கு வியர்வை, நடுக்கம் என்ற முன்னறிவிப்பே மங்கிப்போவதுண்டு. பிரஷருக்குக் குடிக்கும் அட்டெனோலோல் போன்ற மாத்திரைகளும் நடுக்கத்தை மறைத்துவிடும். அதனால் உடம்பை நம்பாமல் சீனி பார்க்கும் மெஷினை நம்புங்கள்.

பிரித்தானியாவில் இன்சுலின் போடும் சாரதிகளுக்குச் சொல்லும் அளவு இங்கும் பின்பற்றத் தக்கது. புறப்படுவதற்கு முந்திய 2 மணித்தியாலத்துக்குள் ஒருமுறை பாருங்கள். யாழ்ப்பாணம் போன்ற தூரப் பயணத்தில் 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாருங்கள். 90 மில்லிகிராம் அல்லது அதற்குக் கீழ் என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஓடுங்கள். 72க்குக் கீழே என்றால் ஓடக்கூடாது.

வழியில் தலை கிறுகிறுத்தால் ஓரமாக நிறுத்தி, திறப்பைக் கழற்றி, சாரதி ஆசனத்தை விட்டு மாறி உட்காருங்கள். 3 தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர் குடித்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். சொக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதமாக்கும். அளவு சரியான பிறகும் 45 நிமிடம் பொறுங்கள், மூளை தெளிய அவ்வளவு நேரம் வேண்டும். குளுக்கோஸ் பக்கெட்டை டிக்கியில் அல்ல, கை எட்டும் இடத்தில் வையுங்கள்.

கேள்வி: விபத்தில் மகனுக்கு முழங்காலுக்குக் கீழே இடது கால் போய்விட்டது. செயற்கைக் கால் போட்டிருக்கிறார். கார் ஓட முடியுமா? – தாயார், கொட்டாஞ்சேனை

பதில்: ஓட்டோ கியர் கார் என்றால் முடியும் அம்மா. இடது காலுக்கு அதில் வேலையே இல்லை. வலது கால் என்றால்தான் சிக்கல்: செயற்கைப் பாதம் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறது என்பதை உணராது, பெடலில் இருந்து வழுக்கினாலும் தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்கு அக்ஸலரேட்டரை இடப்பக்கம் மாற்றலாம், அல்லது கையால் இயக்கும் லீவர் பூட்டலாம். இடப்பக்க அக்ஸலரேட்டர் மடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அதே காரை வீட்டில் வேறொருவர் எடுக்கும்போது பிரேக் என்று நினைத்து அதை மிதித்துவிடுவார்.

எலும்பு நிபுணரின் கடிதத்தோடு மெடிக்கலுக்குப் போகட்டும். அங்கே என்ன சொல்கிறார்கள் என்று கேட்டபிறகு கார் வாங்குங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, வாங்கிய காரை விற்கத் திரிகிறார்கள்.

கேள்வி: லண்டனில் இருக்கும் தம்பிக்கு வலிப்பு என்று முடிவாகிவிட்டது. லைசன்ஸைத் தானே திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்களாம். கொடுத்தால் பிறகு கிடைக்குமா? – வாசகி, தெஹிவளை

பதில்: கிடைக்கும். கொடுப்பதுதான் புத்தி. அங்கே லைசன்ஸ் கொடுக்கும் அரச நிறுவனமான டி.வி.எல்.ஏ.க்கு அறிவிக்காமல் விட்டால் 1,000 பவுண் வரை தண்டம். சாதாரண கார் லைசன்ஸுக்குப் பொதுவாக 12 மாதம் வலிப்பு வராமல் இருக்க வேண்டும். லொறி, பஸ் என்றால் 10 வருஷம், அதுவும் மருந்தில்லாமல். அவர்களாகவே ரத்துச் செய்தால் புதிய லைசன்ஸ் கைக்கு வரும்வரை ஓட முடியாது. தம்பியே ஒப்படைத்திருந்தால், காலம் முடிந்து மறுபடி விண்ணப்பித்த பின், ஓடலாம் என்று அவருடைய டொக்டர் சொன்னால், முடிவு வரும்வரை ஓட அங்குள்ள சட்டம் பொதுவாக இடம் கொடுக்கிறது. 12 மாதம் முடிய 8 வாரம் இருக்கும்போதே விண்ணப்பத்தை அனுப்பச் சொல்லுங்கள். கடைசி வலிப்பு வந்த திகதியை இன்றே எழுதிவைக்கட்டும். கணக்கு அந்த நாளிலிருந்துதான் தொடங்கும்.