பட்டறையில் கைகளும் கண்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஐ.டி.ஐ. ஃபிட்டர் பிரிவில் பாடம் எடுக்கிறேன். பாதுகாப்பு விதிகளை மாணவர்கள் தேர்வில் மணிமணியாக எழுதுகிறார்கள். இரும்பைத் தேய்க்கும் கிரைண்டருக்கு முன்னால் நின்றதும் எல்லாம் மறந்துவிடுகிறது. என்ன செய்வது? – பயிற்றுநர், ஓசூர்

பதில்: சுவரில் ஒட்டிய விதிப்பட்டியலைப் பையன்கள் ஒப்பிப்பார்கள். ஆனால் காரணத்தைக் கண்ணால் பார்த்து, கையால் அளந்தால்தான் மனதில் தங்கும். முதல் வகுப்பில் கிரைண்டரை ஓட்டவே வேண்டாம். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, டூல் ரெஸ்ட்டை (தேய்க்கும் பொருளைத் தாங்கும் தட்டு) வேண்டுமென்றே சாணை வீலிலிருந்து 8 மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். 'இதில் என்ன தப்பு?' என்று கேட்டுவிட்டு, அவர்கள் கண்டுபிடிக்கும்வரை காத்திருங்கள்.

இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. 3 மில்லிமீட்டர் ட்ரில் பிட்டின் தண்டே போதுமான அளவுகோல்: அது எளிதாக ஆடிக்கொண்டு நுழைந்தால் ரெஸ்ட்டை நெருக்க வேண்டும். வீல் தேயத் தேய இடைவெளி தானாகவே கூடும் என்பதால் ஒருநாள் சரிசெய்தால் போதாது. அகன்ற இடைவெளியில் ஜாபின் (தேய்க்கும் பொருளின்) முனை உள்ளே இழுபட்டு ஆப்பாக இறுகும், வீல் உடையும். 200 மில்லிமீட்டர் வீல் நிமிடத்துக்கு 2,800 சுற்று ஓடினால் அதன் விளிம்பு நொடிக்குச் சுமார் 30 மீட்டர் வேகத்தில் போகிறது. உடைந்த துண்டும் அதே வேகத்தில்தான் பறக்கும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் நீங்கள் எழுதாமல் அவர்களையே போடச் சொல்லுங்கள்.

புது வீலை மாட்டும்முன் தட்டிப் பார்க்கவும் கற்றுக்கொடுங்கள். துளைக்குள் விரலை விட்டுத் தொங்கவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் மரக்கைப்பிடியால் மெல்லத் தட்ட வேண்டும். கணீரென்று கேட்டால் நல்ல வீல். மந்தமாகக் கேட்டால் விரிசல் இருக்கலாம், மாட்டக் கூடாது. வீல் ஈரமாக இருந்தாலும் ஓசை மங்கும். காய்ந்த வீலைத்தான் தட்ட வேண்டும். வீலில் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சுற்று, மோட்டாரின் சுற்றைவிடக் குறைவாக இருந்தால் அந்த வீல் வேண்டாம். மாட்டியபின் ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, எல்லோரும் பக்கவாட்டில் ஒதுங்கி நிற்கட்டும்.

வாரம் ஒரு மாணவர் என முறைவைத்து, தினமும் காலையில் சோதித்துக் கையெழுத்துப் போடச் செய்யுங்கள். தன் கையெழுத்து இருக்கும் மிஷினை எந்தப் பையனும் அலட்சியமாக விடமாட்டான்.

கேள்வி: மகன் வெல்டர் பயிற்சியில் சேர்ந்து ஒரு மாதம். நேற்றிரவு கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் எரிகிறது என்று தூங்கவே இல்லை. தாய்ப்பால் விடச் சொல்கிறார்கள். விடலாமா? – ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: வேண்டாம் அம்மா. தாய்ப்பால், கண்ணில் வைக்கும் உருளைக்கிழங்குத் துண்டு எல்லாமே கிருமித்தொற்றுக்கு வழிவிடும். வெல்டிங் வெளிச்சத்திலுள்ள புறஊதாக் கதிர் கருவிழியின் மேற்பரப்பைச் சுட்டிருக்கிறது. வலி சில மணி நேரம் கழித்தே வரும். அதனால்தான் பகலில் பார்த்த ஒளிதான் காரணம் என்று பையன்களுக்குப் புரிவதில்லை. கண்ணைக் கசக்கவிடாதீர்கள். மூடிய இமைமேல் குளிர்ந்த ஈரத்துணி வைத்து, கண் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி விட்டுக்கொண்டே இருந்தால் புண் ஆறத் தாமதமாகும். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகும். ஒரு கண் மட்டும் வலித்தால் இரும்புத் தூள் விழுந்திருக்கலாம். அதை அன்றே காட்ட வேண்டும்.

பக்கத்துப் பையன் வெல்டிங் செய்வதைப் பார்த்தாலும் இது வரும். இடையே தடுப்புத் திரை உண்டா என்று பயிற்சி நிலையத்தில் கேளுங்கள். மின்சாரத்தால் செய்யும் ஆர்க் வெல்டிங்குக்கு 10 முதல் 12 வரை எண்ணுள்ள கறுப்புக் கண்ணாடி தேவை. கேஸ் வெல்டிங் கண்ணாடி இதற்குப் போதாது.

கேள்வி: ட்ரில்லிங் மிஷினில் கையுறை போட்டதற்கு மாஸ்டர் திட்டினார். கையுறை பாதுகாப்புதானே? – மாணவர், மதுரை

பதில்: மாஸ்டர் சொன்னதுதான் சரி, தம்பி. சுழலும் பிட் கையுறையின் நூலைப் பிடித்தால் துணியோடு விரலையும் சுற்றி இழுத்துவிடும். வெறுங்கையில் உரசினால் பெரும்பாலும் வெட்டுக்காயத்தோடு போகும். கையுறையோடு மாட்டினால் விரலே பிய்ந்து போகலாம். ஜாபைக் கையில் பிடிக்காமல் வைஸில் (பிடிப்புக் கருவியில்) இறுக்கு. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிடு. மிஷின் நின்றபின் இரும்புச் சுருளைப் பிரஷ்ஷால் தள்ளு. கையுறை, கூர்விளிம்புள்ள தகட்டைத் தூக்கும்போது போட வேண்டியது.