கல்லூரி ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர்: கேள்வி பதில்

கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் பல வருடங்களாகத் தண்ணீர், பிளம்பிங் பராமரிப்பைப் பார்த்து வருகிறேன். ஆர்ஓ என்பது தண்ணீரை மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிக்கும் மெஷின்; பிரிந்த உப்போடு ஒரு பங்கு தண்ணீர் கழிவாக வெளியே போகும். இந்தக் குடிநீர் மெஷின்களில் அப்படி வீணாகும் தண்ணீரைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

விடுதி மாணவர்: அண்ணா, எங்கள் மெஷினின் கழிவுக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு வீணாகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு பக்கெட்டும் செல்போனும் போதும் தம்பி. மோட்டார் ஓடும்போது நல்ல தண்ணீரை ஒன்றிலும் கழிவை இன்னொன்றிலும் ஐந்து நிமிடம் பிடித்து அளந்து பாருங்கள். சின்ன மெஷின்களில் 1 லிட்டருக்கு 3 லிட்டர் வெளியே போவது சகஜம். 300 பேர் ஆளுக்கு 2 லிட்டர் குடித்தால் 600 லிட்டர்; அதற்காக ஒரு நாளைக்கு 1,800 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது.

அடுத்து, தொட்டி நிரம்பி மோட்டார் நின்ற பிறகும் போய்ப் பாருங்கள். அப்போதும் கழிவுக் குழாய் ஒழுகினால் சோலனாய்டு வால்வு (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு) சரியாக மூடவில்லை என்று அர்த்தம். ஒரு செமஸ்டர் லீவில், ராத்திரி நூலகப் பக்கம் போனபோது ஆளே இல்லாத இடத்தில் சாக்கடையில் சலசலவென்று சத்தம். வால்வைக் கழற்றினால், உள்ளே ரப்பருக்கும் அது உட்கார்ந்து மூடும் விளிம்புக்கும் நடுவில் கடுகளவு துருத் துணுக்கு. யாரும் ஒரு டம்ளர் கூடக் குடிக்காத அத்தனை நாளும் அது ஓடியிருக்கிறது. இன்றைக்கும் நினைத்தால் மனசு ஆறாது.

விடுதிக் காப்பாளர்: சார், எங்களுக்குச் சிறுவாணி அணைத் தண்ணீரும் வருகிறது, போர் தண்ணீரும் இருக்கிறது. இரண்டையும் ஒரே தொட்டியில் கலந்து ஆர்ஓவில் விடுகிறோம். சரிதானா?

சரியில்லை சார். வீணாவதன் வேரே இங்குதான் இருக்கிறது. நம் ஊரில் வீட்டுக்கு வீடு நல்ல தண்ணிக் குழாய், உப்புத் தண்ணிக் குழாய் என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறோம். கல்லூரி மட்டும் ஏன் கலக்க வேண்டும்? சிறுவாணித் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. அதில் போர் தண்ணீரைக் கலந்துவிட்டு, அந்த உப்பை எடுக்க மெஷினை ஓட்டி, முக்கால் பங்கைக் கொட்டுகிறோம்.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்யவும், அனுமதிக்கும் இடங்களில் 60 சதவீதத்துக்கு மேல் நல்ல தண்ணீராக மீட்பதைக் கட்டாயமாக்கவும் வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது.

குடிநீருக்குச் சிறுவாணிக்கென்று தனித் தொட்டி வையுங்கள். அதன் வழியில் சாதாரண வடிகட்டி, கார்பன் வடிகட்டி, யுவி (புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்வது) போதும். யுவி மெஷினில் கழிவுக் குழாயே கிடையாது. ஆனால் டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். கிருமி இருப்பதை அது காட்டாது. நைட்ரேட், ஃபுளோரைடு எவ்வளவு என்று பிரித்தும் சொல்லாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

கேன்டீன் பொறுப்பாளர்: எங்களுடையது பெரிய பிளான்ட். கழிவு வால்வைக் கொஞ்சம் மூடி வைத்தால் மிச்சமாகுமே?

மிச்சமாகும். அளவு தெரியாமல் மூடினால் சுண்ணாம்பு படிந்து மெம்பிரேன் அடைத்துவிடும். நம் போர் தண்ணீரில் கடினத்தன்மை அதிகம், அதனால் உப்புப் படிவதைத் தடுக்கும் மருந்து ஒழுங்காகப் போகிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் சர்வீஸ்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரோட்டாமீட்டரை (தண்ணீர் ஓடும் அளவைக் காட்டும் கருவி) பார்த்துச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள்.

என்எஸ்எஸ் ஆசிரியர்: கழிவு நீரைத் தோட்டத்துக்கு விடலாமா?

எந்தத் தண்ணீர் உள்ளே போகிறது என்பதைப் பொறுத்தது. 500 டிடிஎஸ் தண்ணீர் 4 லிட்டர் போனால் அதில் 2,000 மில்லிகிராம் உப்பு. நல்ல தண்ணீர் 1 லிட்டரில் 50 போக, மீதி 1,950 கழிவு 3 லிட்டரில் வரும், லிட்டருக்கு 650. தென்னைக்கு அது பிரச்சினையே இல்லை. உள்ளே போவதே 1,200 என்றால் கழிவு 1,500ஐத் தாண்டும். அதைத் தினமும் பூச்செடிக்கு விட்டால் இலை நுனி கருகும், களிமண்ணில் உப்புத் தங்கிவிடும். அந்தத் தண்ணீர் கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் போகட்டும்.

மாணவி: அண்ணா, அந்தக் கழிவையே திரும்பச் சம்ப்புக்கு (தரைக்கடித் தொட்டிக்கு) விட்டால் என்ன?

எனக்குத் தெரிந்த ஒரு விடுதியில் அப்படித்தான் செய்தார்கள் அம்மா. அதே உப்பு சுற்றிச் சுற்றி வந்து வாராவாரம் டிடிஎஸ் ஏறியது. மெம்பிரேன் சீக்கிரமே போய்விட்டது. கிணற்றிலோ மழைநீர்க் குழியிலோ விடுவதும் அதே தவறுதான்.

பிளம்பர்: அண்ணே, கழிப்பறைக்கு இழுக்க எப்படி வேலை செய்வது?

மெஷின் மேல் மாடியில் இருந்தால் மோட்டாரே வேண்டாம் தம்பி. கழிவுக் குழாயைக் கீழ்த் தளக் கழிப்பறைக்கான தனித் தொட்டிக்கு இறக்கு. மெஷினில் இருந்து வரும் அந்த மெல்லிய குழாயை நீளமாக இழுக்காதே, கழிவு எளிதில் வெளியேறாமல் எதிரழுத்தம் வரும். மெஷினுக்குப் பக்கத்திலேயே முக்கால் இன்ச் பைப்பில், காற்று புகும்படி திறந்த வாயில் விழ விடு. தொட்டி நிரம்பினால் வழிய ஓவர்ஃப்ளோ கட்டாயம் வை. பைப்புக்கு வேறு வண்ணம் அடித்து, ஒவ்வொரு குழாயின் மேலும் ‘குடிக்கக் கூடாது’ என்று பெயின்ட்டில் எழுது. ஸ்டிக்கர் ஈரத்தில் இரண்டு மாதம் தாங்காது.